இருள் தேடிய வரலாறு
கொங்கு நாட்டில் வானம் பார்த்த இடங்கள்

விண்மீன்களைக் காண்பதற்கென்று ஓர் இடத்தைத் தேடிச் செல்ல வேண்டும் என்று சொன்னால், நம் பாட்டனார் தலைமுறை சிரித்திருக்கும். களத்துமேட்டில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தால் தலைக்குமேல் முழு வானமும் விரிந்து கிடந்த காலம் அது. வெள்ளி முளைக்கும் நேரம் பார்த்துக் கவலை இறைக்க மாடு பூட்டியவர்கள், கூதிர்க் காலத்தில் அறுமீன் மேற்கே சாய்வதைக் கண்டு பொழுதை அறிந்தவர்கள் நம் முன்னோர். அவர்களுக்கு வானம் காற்றைப் போலவும் வெயிலைப் போலவும் கேளாமலே கிடைத்த செல்வம். இன்று கோவை மாநகரிலும், அதனை ஒட்டி வளர்ந்துவிட்ட சூலூர், பல்லடம், அன்னூர் போன்ற ஊர்களிலும் வாழும் நாம், அந்தச் செல்வத்தைக் காண வண்டியேறிச் செல்ல வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம்.

ஆயினும் வானம் பார்க்க இடம் தேடி வருவது கொங்கு மண்ணுக்குப் புதிதன்று. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர் பலர் அதற்காகவே இங்கு வந்திருக்கின்றனர். ஒவ்வொருவரும் வெவ்வேறு காரணம் கருதி இடம் தேர்ந்தனர். அந்த வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. நெடுங்காலம்வரை இங்கு வந்தோர் எவரும் இருளைத் தேடி வரவில்லை. தேட வேண்டிய பொருளாக இருள் இங்கு இருக்கவில்லை. அது எப்போது அரும்பொருளாயிற்று என்பதே இக்கட்டுரை ஆராயும் செய்தி.

புலவர் கண்ட வானம்

கொங்கு நாட்டோடு தொடர்புடைய மிகப் பழைய வான்நோக்குக் குறிப்பைத் தந்தவர் ஒரு புலவரே என்பது நம் போன்ற இலக்கிய அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும். புறநானூற்றின் 229 ஆம் பாடலைப் பாடியவர் கூடலூர் கிழார். பாடப்பட்டவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் இப்புலவர் என்றும், தொகுப்பித்தவன் இம்மன்னன் என்றும் மரபு கூறும். கரூரை அடுத்த புகளூரில் உள்ள ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு, இரும்பொறை மரபினரின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறது.

பாடலின் பொருள் யாவரும் அறிந்ததே. பங்குனித் திங்களின் முற்பகுதியில், நள்ளிரவில், ஒரு மீன் வானிலிருந்து எரிந்து வீழ்கிறது. புலவரும் உடனிருந்தோரும் அதனைக் காண்கின்றனர். மன்னனுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சுகின்றனர். ஏழாம் நாள் அவன் இறந்துபடுகிறான். எரிமீன் வீழ்வதற்கும் மன்னர் மாய்வதற்கும் தொடர்பில்லை என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். நாம் கருத வேண்டியது வேறு. அந்த நேரத்தில் எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, அதற்கு எதிரே எது எழுந்தது, எது மேற்கே மறைந்தது, வீழ்ந்த மீன் எத்திசைகளை விலக்கிச் சென்றது என்பன அனைத்தையும் புலவர் குறித்திருக்கிறார். மீன்களின் நிலையைக் கொண்டு திங்களையும் பொழுதையும் இன்றும் ஒருவர் கணித்துவிடலாம். இரங்கற்பாவில் இவ்வளவு நுட்பமான குறிப்பு இடம்பெற வேண்டுமாயின், பாடியவருக்கும் கேட்டவருக்கும் அந்த மீன்கள் தெரு முகங்களைப் போலப் பழகியிருக்க வேண்டும். புலவர் இதற்காக எந்த மலைக்கும் செல்லவில்லை. இருந்த இடத்திலேயே நிமிர்ந்து பார்த்தார்.

பச்சாபாளையத்தில் அளந்த மீன்

அடுத்து வந்தவர் ஒரு படைவீரர். வில்லியம் லாம்டன் என்னும் அந்த ஆங்கிலேயர், 1802 ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, பின்னாளில் 'பெரும் முக்கோண அளவீடு' எனப் பெயர் பெற்ற பணிக்குக் கால்கோள் செய்தார். நிலத்தை முக்கோணங்களாகப் பகுத்து அளந்துகொண்டே தெற்கு நோக்கி வந்த அவர், 1806 ஆம் ஆண்டில் கோவைப் பகுதியில் மற்றோர் அடிக்கோட்டை அளந்தார். அவர் விண்மீன்களை நோக்கிய நிலையங்களுள் ஒன்றின் பெயர் ஆங்கில ஏடுகளில் 'புட்சபோலியம்' என்று காணப்படுகிறது. நம் செவிக்கு அது பச்சாபாளையம் என்றே ஒலிக்கும்.

நிலம் அளப்பவருக்கு விண்மீன் எதற்கு என்று கேட்கலாம். ஓர் ஊரின் உச்சி வானிலிருந்து குறிப்பிட்ட மீன் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அளந்தால், அவ்வூரின் அகலாங்கு தெரியும். தெற்கே மற்றோர் ஊரில் அதே மீனை அளந்தால், இரண்டு ஊர்களுக்கும் இடையேயுள்ள வானத்துத் தொலைவு பாகைக் கணக்கில் கிடைக்கும். தரையில் அளந்த தொலைவை அதனோடு ஒப்பிட்டால், நிலவுலகின் வடிவமே கணக்கில் வந்துவிடும். பச்சாபாளையத்துக்கும் குமரிமுனையை அடுத்த புன்னை என்னும் நிலையத்துக்கும் இடைப்பட்ட வில் ஏறத்தாழ 2 பாகை 50 கலை என அவர் கண்டார். புவியின் வடிவத்தைக் கணித்த ஐரோப்பிய அறிஞர்களின் அட்டவணைகளில் இந்த எண்ணும், அதன் வழியாக நம் கொங்குச் சிற்றூரின் பெயரும் இடம்பெற்றன.

லாம்டன் அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் இருள் அன்று. சமதளமான நிலமும், வடக்கு தெற்காக நீண்ட முக்கோணத் தொடரில் அது அமைந்த பாங்குமே அவருக்கு வேண்டியிருந்தன.

அவிநாசியில் விழுந்த நிழல்

மூன்றாவதாக வந்தவர்கள் இரவுக்காக வரவில்லை. பகலில் தோன்றும் இரண்டு நிமிட இருளுக்காக வந்தனர். 1871 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் நாள் காலையில் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் மலபார்க் கரையில் ஏறி, நீலமலையையும் கோவை மாவட்டத்தையும் கடந்து, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் சென்றது. உலக வானியலாரின் கண்கள் அன்று நம் நாட்டின்மேல் இருந்தன. ஆங்கில அறிஞர் நார்மன் லாக்யர் மேற்குக் கரையிலுள்ள பேக்கலில் நின்றார். டென்னன்ட் உதகை அருகே தொட்டபெட்டா சிகரத்தில் நின்றார். சென்னை வான்நோக்கு நிலையத்தின் தலைவர் நார்மன் போக்சன் தம் குழுவினரோடு அவிநாசியில் முகாமிட்டார். சுந்தரர் பாடிய திருத்தலமாக நாம் அறிந்த அவிநாசி, அந்தக் காலையில் உலக வானியல் வரைபடத்திலும் இடம்பெற்றது.

இவர்களுள் இடம் தேடும் கலையில் தேர்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜூல் ஜான்சன். மூன்றாண்டுகளுக்கு முன், 1868 ஆம் ஆண்டுக் கிரகணத்தைக் குண்டூரில் நோக்கிப் புகழ் பெற்றிருந்தவர் அவர். மார்கழியை ஒட்டிய வாடைக்காலம் அது. நீலமலையின் ஒரு சரிவில் மேகம் திரண்டிருக்கும்போது மறு சரிவில் வானம் தெளிந்திருக்கும் என்பதை மலையில் வாழ்ந்தோர் அறிவர். ஜான்சன் மலையின் வடபுறமுள்ள சோலூரைத் தேர்ந்தார். அங்கிருந்து சூரியனின் ஒளிமகுடத்தை நிறமாலைக் கருவியால் நோக்கி, அதில் சூரிய ஒளிக்குரிய கருங்கோடுகளும் தோன்றுவதைக் கண்டார். மகுடத்தின் ஒளியில் ஒரு பகுதி, சூரிய ஒளி துகள்களில் பட்டுச் சிதறி வருவது என்பதற்கு அது சான்றாயிற்று. இரண்டு நிமிட நேரத்து அரிய செய்தி, சரியான சரிவைத் தேர்ந்ததன் பயன்.

இதனோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றை நம்மில் பலர் நேரில் கண்டிருப்போம். 2019 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் காலையில் உதகை, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய ஊர்களின்மேல் கங்கண கிரகணத்தின் பாதை அமைந்தது. சூரியன் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஒளி வளையமாக நின்றான். சூரியனைக் காண எவரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருக்கவில்லை. மற்ற விண்மீன்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மலைகளின் போட்டி

சென்னையின் கடற்காற்றும் ஈரமும் வான்நோக்குக்கு ஏற்றவை அல்ல என்பது மெல்லத் தெளிவாயிற்று. 1880களில் மிச்சி சுமித் என்பவர் நீலமலையிலும் பழனிமலையிலும் தங்கி, காற்றின் தெளிவையும் தொலைநோக்கியில் தெரியும் உருவின் அசைவின்மையையும் சோதித்தார். கொங்கு நாட்டின் இருபுறமும் நிற்கும் இரண்டு மலைத்தொடர்களுக்கு இடையே நடந்த போட்டி என்று இதனைக் கூறலாம். வென்றது பழனிமலை. 1899 ஆம் ஆண்டில் கொடைக்கானலில் சூரிய ஆய்வு நிலையம் தொடங்கியது. 1909 ஆம் ஆண்டில் ஜான் எவர்செட் அங்கு கண்டறிந்த சூரியப் புள்ளிகளின் வளிமப் பாய்ச்சல் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

தோற்ற நீலமலைக்கும் பின்னர் ஒரு காலம் வந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் சுவரூப், விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராயப் பெரியதொரு தொலைநோக்கியை அமைக்க எண்ணினார். அவர் தேடிய இடம் விந்தையானது. ஊரின் அகலாங்கு எவ்வளவோ அவ்வளவு பாகை, வடக்கு தெற்காகச் சரிந்த மலை அவருக்கு வேண்டியிருந்தது. அத்தகைய சரிவில் படுக்க வைத்த தொலைநோக்கியின் அச்சு, புவியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். பிறகு அதனை ஒரே அச்சில் திருப்பினாலே போதும், விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து நோக்கலாம். உதகை அருகே முத்தொறையில் 11 பாகைச் சரிவுடைய அம்மலை கிடைத்தது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அத்தொலைநோக்கி, இந்தியப் பொறியாளரின் கைவண்ணத்தில் 1970 ஆம் ஆண்டில் எழுந்தது. கொங்கு நாட்டின் அகலாங்கையே ஒரு மலை தன் முதுகில் தாங்கி நின்றது என்று நம் கவிஞர்கள் பாடலாம். பாடினால் அது மிகையாகாது.

இருளுக்காக முதல் தேட்டம்

இவ்விடத்தில் கதை திரும்புகிறது. 1932 ஆம் ஆண்டில் நீலமலையின் பைகாராவில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவையின் ஆலைகளை ஓட்டியது; கிணறுகளில் கவலைக்கு மாற்றாக மின் இறைப்பான்களை நிறுத்தியது; கோவையைத் தென்னாட்டின் மான்செஸ்டர் ஆக்கியது. இன்று நம் வீட்டில் நூல் வாசிக்கும் விளக்கும் அந்த வரலாற்றின் பிள்ளைதான். மின்னொளியைப் பழிப்பது நன்றி மறப்பதாகும். எனினும் ஒளி பெருகப் பெருக வானம் வெளிறத் தொடங்கியதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதியே.

1960 ஆம் ஆண்டில் கொடைக்கானல் நிலையத்தின் பொறுப்பை ஏற்ற வைணு பாப்பு, இரவு வானத்துக்கென்று தனியோர் இடம் வேண்டும் என்று தேடினார். தமிழகத்தில் இருளை ஒரு தகுதியாக வைத்து நிகழ்ந்த பெருந்தேடல் இதுவே எனலாம். கொங்கின் கிழக்கு எல்லைக்கு அப்பால், ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் என்னும் சிற்றூரை அவர் தேர்ந்தார். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, அருகில் பெருநகர் இல்லாமை, தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணத்தக்க தாழ்ந்த அகலாங்கு ஆகியவை அதன் சிறப்புகள். 1968 இல் அங்கு 38 செ.மீ. தொலைநோக்கி இயங்கியது. 1972 இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 இல் யுரேனசுக் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதை உலகின் வேறு சில நிலையங்களோடு காவலூரும் கண்டது. பாப்பு 1982 இல் மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 இல் அவர் பெயரையே தாங்கியது.

இன்று எங்கே செல்வது?

அறிஞர்கள் தேடிய வழியையே நாமும் பின்பற்றலாம். வானத்தின் இருளை அளக்க ஜான் போர்ட்டில் என்னும் அமெரிக்கர் 2001 ஆம் ஆண்டில் ஒன்பது படிகள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார். நமக்கு அதைவிட எளிய அளவுகோலைச் சங்கப் புலவர்கள் விட்டுச் சென்றிருக்கின்றனர். கார்த்திகைக்கு அவர்கள் இட்ட பெயர் அறுமீன். குறையற்ற கண்ணுக்கு, இருண்ட வானில் அங்கு ஆறு மீன்கள் தனித்தனியே தெரியும். நம் மாடியிலிருந்து அது ஒரு வெண்புகையாகவோ இரண்டு மூன்று புள்ளிகளாகவோ தெரிந்தால், அந்த இடம் தகாது. ஆறும் தெரிந்தால் அங்கேயே பாயை விரிக்கலாம்.

திசையும் கருதத்தக்கது. கொங்கு நாடு 11 பாகை அகலாங்கில் இருப்பதால் வட துருவ மீன் நமக்கு அடிவானத்துக்கு 11 பாகை உயரத்திலேயே நிற்கும். மாறாக, ஐரோப்பியர் பலர் தம் ஊரிலிருந்து காண இயலாத அகத்திய மீனும், தென்சிலுவையும் நமக்குத் தெற்கே நன்றாக எழும்பி வரும். ஆகவே நம் செல்வம் தெற்கு வானத்தில் இருக்கிறது. கோவை, திருப்பூர் ஆகியவற்றின் ஒளி நமக்கு வடக்கே இருக்குமாறு இடம் தேர்ந்தால், தெற்கு வானம் கறைபடாமல் கிடைக்கும்.

இந்த நோக்கில் தாராபுரம், மூலனூர் பகுதிகள் தலைசிறந்தவை. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்கள், மழை குறைந்த வறண்ட வானம், தொலைவில் தாழத் தெரியும் பழனிமலை ஆகியவை அங்கு அமைந்த நலங்கள். காற்றாலைகளின் செவ்விளக்குகள் மட்டும் ஆங்காங்கே கண்ணைச் சிமிட்டும். உடுமலையை அடுத்த திருமூர்த்தி மலை, அமராவதி அணைப் பகுதிகளில் இருள் நன்று. ஆயினும் தெற்கே ஆனைமலைத் தொடர் வானத்தின் அடிப்பகுதியை மறைக்கும். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களில் ஆனி முதல் ஆவணி வரை மேகம் ஓயாது. தை முதல் பங்குனி வரையே நமக்குரிய பருவம். வடக்கே தாளவாடி, பர்கூர் மலைகளின் வானம் தெளிந்ததே. ஆனால் அவை யானைகள் நடமாடும் காடுகள். இரவில் செல்லத்தக்கவை அல்ல. வனத்துறையின் விதிகளும் இடம் தரா. ஊர் மக்களின் இசைவோடு அவர்தம் களத்திலோ தோட்டத்திலோ அமர்வதே பாதுகாப்பும் பண்பும் ஆகும். நிலவில்லாத இரவைத் தேர்ந்து, விளக்கை அணைத்து, அரை மணி நேரம் பொறுத்திருந்தால் கண் இருளுக்குப் பழகும். அதன்பின் வானம் தானே பேசும்.

மீட்கத்தக்க செல்வம்

2016 ஆம் ஆண்டில் வெளிவந்த உலக வான்வெளிச்ச வரைபடம், மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கினர் தம் ஊரிலிருந்து பால்வழியைக் காண இயலாதவர் எனக் கணித்தது. பழைய மஞ்சள் விளக்குகளுக்கு மாற்றாக வந்த வெண்ணிற எல்.இ.டி. விளக்குகளில் நீலக்கூறு மிகுதி. நீல ஒளி காற்றில் எளிதிற் சிதறுவதால் வானம் மேலும் வெளிறுகிறது. இதனை வளர்ச்சியின் தவிர்க்க இயலாத விலை என்று கருதிவிடுவோர் உளர். அது பொருந்தாது. தெருவுக்கு வேண்டிய ஒளி தெருவில் விழ வேண்டும். வானை நோக்கிப் போகும் ஒளியால் நடப்பவருக்குப் பயன் ஒன்றுமில்லை. விளக்குக்கு மேல் ஒரு மூடி, வேண்டாத நேரத்தில் அணைப்பு, சற்று மஞ்சள் கலந்த நிறம் ஆகிய மூன்றும் போதும்.

வழிகாட்டும் முன்மாதிரியும் நம் மரபிலிருந்தே கிளைத்தது. சென்னையில் தொடங்கிக் கொடைக்கானலுக்கும் காவலூருக்கும் வளர்ந்த அதே வானியல் நிறுவனம், பின்னர் லடாக்கிலுள்ள ஹான்லேயில் தொலைநோக்கி அமைத்தது. 2022 டிசம்பரில் அப்பகுதி இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர் மக்களே விளக்குகளை மறைத்து வானத்தைக் காக்கின்றனர். வருவோர்க்கு விண்மீன் காட்டும் வழிகாட்டிகளாகவும் பயின்றுள்ளனர். கொறங்காட்டு ஊர் ஒன்று அவ்வாறு ஆக இயலாதா?

நொய்யல் கெட்டது, அதனை மீட்கத் தலைமுறைகள் தேவைப்படும். வெட்டிய காடு வளர நூறாண்டு ஆகும். இருள் ஒன்றே விளக்கை அணைத்த அந்த இரவிலேயே முழுமையாகத் திரும்பி வரும் செல்வம். மேலே இருக்கும் விண்மீன்களில் ஒன்றும் இன்னும் அழிந்துவிடவில்லை.

கவிஞர்களாகிய நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. அறுமீன், வடமீன், எழுமீன் என்னும் சொற்களை நாம் இன்னும் எழுதுகிறோம். அவற்றைக் கண்ணால் கண்டு எழுதுகிறோமா, நூலில் கண்டு எழுதுகிறோமா என்பதை ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். கூடலூர் கிழாரின் பாடலை விளக்கும் ஆசிரியர், அந்த மீன்களை மாணவருக்குச் சுட்டிக்காட்ட இயலாத நாள் வந்தால், பாடலின் பாதி அன்றே மறைந்துவிடும்.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில் ஒரு வேண்டுகோள். தை மாதத்து முன்னிரவில் தென்வானில் ஓரியன் மண்டலத்துக்கு மேற்கே, எரிடானசு என்னும் ஆற்று மண்டலத்தில் எப்சிலான் என்றொரு மீன் உண்டு. அதன் தொலைவு பத்தரை ஒளியாண்டு. நம் வட்டம் தொடங்கிய நாளை ஒட்டி அங்கிருந்து புறப்பட்ட ஒளிதான் இப்போது நம் கண்ணை எட்டும். மங்கலான அந்த மீனை நகர நடுவே காண்பது அரிது. தாராபுரத்துக் கொறங்காட்டில் எளிதாகத் தெரியும். இவ்வாண்டுத் தை அமாவாசையை ஒட்டிய நம் கூட்டத்தை மண்டபத்தில் நடத்தாமல் அங்கு நடத்துவோம். புறநானூற்றுப் பாடலை ஒருவர் படிக்கட்டும். மற்றவர்கள் நிமிர்ந்து பார்க்கட்டும்.